எண் தெரிந்தால் எஞ்சின் பிழைக்கும்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தினமும் நடக்கிற பேச்சு இது. புல் வெட்டுகிற மெஷினுக்கு கார்ப்பரேட்டர் வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். “என்ன மாடல்ணே?” என்பார் கடைக்காரர். “ஆரஞ்சு கலர். தோள்ல மாட்டிக்கிறது. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.” ஆரஞ்சு கலரிலேயே எத்தனையோ கம்பெனி. “பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க, பார்த்துத் தர்றேன்.” வந்தவர் பஸ் ஏறி ஊருக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்புகிறவர்களில் பலர் மறுபடி வருவதில்லை. மெஷின் மாட்டுக் கொட்டகை மூலையில் சாய்ந்துவிடும். அடுத்த மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்ததும் புது மெஷினுக்குப் பணம் புரட்டுவார்கள்.

சின்ன பெட்ரோல் எஞ்சினில் இருப்பது ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், ஒரு பிளக், ஒரு காயில், ஒரு கார்ப்பரேட்டர். மிச்சமெல்லாம் இவற்றைத் தாங்கிப் பிடிக்கிற அலுமினியமும் இரும்பும்தான். பிரஷ் கட்டர், பவர் வீடர், தண்ணீர் இறைக்கும் பம்ப், அமெரிக்க வீட்டு வாசலில் ஓடும் புல்வெட்டி, எல்லாவற்றுக்கும் இதயம் இதுவே. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் என்று பார்த்தால் சிலவற்றில் ஆயில் அளவு பார்க்கும் ஒன்று இருக்கும். பழுதாகும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இவ்வளவு எளிய பொருள் பழைய இரும்புக் கடை எடைத் தட்டில் ஏறுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எந்த ஸ்பேர் வேண்டும் என்பது உடைமைக்காரருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் வழியையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த வழி மெஷினிலேயே இருக்கிறது. தகட்டில் குத்தியிருக்கும் எண்ணில்.

ஸ்டிக்கரில் ஒரு பெயர், செய்தவர் வேறு

இந்தக் கதை முழுசாக நடந்து முடிந்த நாடு அமெரிக்கா. அங்கே வீட்டுக்கு முன்னால் புல்தரை. புல் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளர்ந்தால் அபராதம் போடுகிற நகராட்சிகள் உண்டு. அதனால் புல்வெட்டி நம்மூர் மிக்ஸி மாதிரி வீட்டுக்கு வீடு இருக்கும் சாமான். இப்படிப்பட்ட மெஷினை ஒரே கம்பெனி முழுசாகச் செய்வது அபூர்வம். அடித்தட்டும் சக்கரமும் ஓர் இடத்தில், எஞ்சின் இன்னொரு இடத்தில், விற்கிற பெயர் மூன்றாவது ஒருவருடையது.

சியர்ஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனம் ‘கிராஃப்ட்ஸ்மன்’ என்ற பெயரில் பல தலைமுறைக்குப் புல்வெட்டி விற்றது. அவற்றைச் சியர்ஸ் செய்யவில்லை. மாடல் எண்ணின் முதல் மூன்று இலக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. 247 என்று ஆரம்பித்தால் எம்டிடி கம்பெனி செய்தது. 917 என்றால் பின்னாளில் எலக்ட்ரோலக்ஸ், ஹஸ்க்வர்னா கைக்குப் போன தொழிற்சாலை. எஞ்சினில் 143 என்று ஆரம்பித்தால் அது டெக்கும்சே எஞ்சின். இது தெரியாதவர் கிராஃப்ட்ஸ்மன் ஸ்பேர் தேடி அலைவார். தெரிந்தவர் அசல் தயாரிப்பாளரின் பட்டியலைத் திறப்பார். 2017இல் கிராஃப்ட்ஸ்மன் பெயர் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வசம் போனது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு போட்டது. பழைய மெஷின்கள் மட்டும் கொட்டகைகளில் அப்படியே நின்றன. அவற்றுக்கு வழிகாட்ட மிஞ்சியது அந்த மூன்று இலக்கம்தான்.

மேலே ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் கணக்கை வைத்தும் ஸ்பேர் தேட முடியாது. எஞ்சின்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சொன்னார்கள் என்று அமெரிக்காவில் பல தயாரிப்பாளர்கள் மீது வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2010இல் 6.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதன்பிறகுதான் பல எஞ்சின்களின் ஸ்டிக்கரில் குதிரைத்திறன் மறைந்து சிசியும் முறுக்கு விசையும் வந்தன. ஸ்டிக்கர் விற்பதற்காக ஒட்டுவது. குத்திய எண் தொழிற்சாலை தன் கணக்குக்காகப் போட்டது. நம்ப வேண்டியது இரண்டாவதை.

ஆறு இலக்கத்தில் ஒரு ஜாதகம்

அமெரிக்கப் புல்வெட்டி எஞ்சின் என்றாலே முதலில் வருகிற பெயர் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன். ஸ்டீபன் பிரிக்ஸும் ஹரால்ட் ஸ்டிராட்டனும் 1908இல் மில்வாக்கி நகரில் தொடங்கியது. 1953இல் அலுமினிய வார்ப்பில் எஞ்சின் செய்து எடையையும் விலையையும் இறக்கிய பிறகு, சாதாரணக் குடும்பமும் எஞ்சின் வைத்த புல்வெட்டி வாங்க முடிந்தது. இந்தக் கம்பெனி செய்த இன்னொரு நல்ல காரியம் அதன் எண் முறை. பழுது பார்ப்பவனை மதிக்கிற ஒரு கம்பெனி எண்ணை எப்படி அமைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஃபேன் மூடியின் தகட்டில் மாடல், டைப், கோடு என்று மூன்று எண் வரிசை குத்தியிருக்கும். பல வருஷத்து எண்ணெயும் புல் தூசியும் சேர்ந்து மேலே கெட்டியாக அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் எழும்பி வரும்.

130202 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நிலம் உழும் சின்ன மெஷின்களில் பரவலாக வந்த எஞ்சின். முதல் இரண்டு இலக்கம் 13 என்பது சிலிண்டர் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் 200 சிசிக்குச் சற்று மேல். அடுத்த 0 வடிவமைப்பு வரிசை. அதற்கடுத்த 2, கிராங்க் படுக்கை வாட்டில் இருப்பதையும் எந்த வகைக் கார்ப்பரேட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அப்புறம் வரும் 0, கிராங்க் சாதாரண பேரிங்கில் சுற்றுகிறது என்கிறது. கடைசி 2, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, கயிறு தானே சுருண்டுகொள்ளும் என்கிறது. எஞ்சினைக் கண்ணால் பார்க்காமலே, போனில் இந்த ஆறு இலக்கத்தைக் கேட்டு ஒரு மெக்கானிக் அதன் உடம்பைப் படித்துவிடலாம்.

டைப் எண் இன்னும் நுணுக்கம். ஒரே மாடல் எஞ்சின் புல்வெட்டிக்கும் போகும், பம்புக்கும் போகும். கிராங்க் முனையின் நீளம் மாறும், கவர்னர் ஸ்பிரிங் மாறும். மாடல் எண்ணை மட்டும் சொல்லி ஸ்பிரிங் வாங்கினால் எஞ்சின் வேகம் தாறுமாறாகப் போகும். கோடு எண் பிறந்த தேதி. 850712 என்று ஆரம்பித்தால் 1985 ஜூலை 12. அதற்குப் பின்னால் வருவது தொழிற்சாலைக் குறிப்பு. பிறந்த தேதி எதற்கு? ஸ்பேர் பட்டியலைத் திறந்தால் தெரியும். ‘இந்தக் கோடு தேதிக்கு முன் வந்த எஞ்சினுக்கு இது’ என்று சில ஸ்பேர்களுக்குப் பக்கத்தில் குறிப்பு இருக்கும். நடுவருஷத்தில் கம்பெனி காயிலை மாற்றியிருக்கும். ஒரு வாரம் முந்திப் பிறந்த எஞ்சினுக்கு வேறு காயில்.

ஸ்பேர் பட்டியல் என்பது எஞ்சினைத் திருகு திருகாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அந்தரத்தில் மிதப்பது போல வரைந்த படம். அந்தப் படத்தில் இருப்பது வரிசை எண் மட்டும். எதிர்ப்பக்கத்து அட்டவணையில் அந்த வரிசை எண்ணுக்கு நேராக இருப்பதுதான் ஸ்பேர் எண். புதிதாகத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். படத்தில் கார்ப்பரேட்டருக்குப் பக்கத்தில் 125 என்று பார்த்துவிட்டு, கடையில் போய் 125 கேட்பார்கள். ஸ்பேர் எண்ணும் நிலையாக இருக்காது. கம்பெனி ஒரு ஸ்பேரைத் திருத்தியதும் பழைய எண்ணுக்குப் பதில் புது எண் வரும், சில வருஷத்தில் அதற்கும் மாற்று வரும். பழைய பட்டியலில் உள்ள எண் ‘கிடைக்காது’ என்று கைவிரிக்கிற கடையில், அதே சாமான் வேறு எண்ணோடு அலமாரியில் இருக்கலாம். எண் மாறிய வரிசை தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரு வட்டாரத்துக்கே சொத்து. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலெல்லாம் மைக்ரோஃபிஷ் என்ற பிலிம் தகடுகளில், டீலரிடம் மட்டும் இருந்தன. வாடிக்கையாளர் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கத்தான் முடியும். இப்போது பிரிக்ஸ் தன் கையேடுகளையும் ஸ்பேர் பட்டியலையும் எண்ணைக் கொடுத்தால் எவரும் எடுக்கிற மாதிரி இணையத்தில் வைத்திருக்கிறது. 2020 ஜூலையில் அந்தக் கம்பெனியே திவால் மனு போட்டு கேபிஎஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கிய பிறகும் ஸ்பேர் வியாபாரம் நிற்கவில்லை.

கம்பெனி மூடினால்?

டெக்கும்சேக்கு அந்த நல்ல நேரம் வாய்க்கவில்லை. நம்மூர் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு கம்ப்ரஸர் பெயராகத் தெரிந்த அதே டெக்கும்சே, அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் சின்ன எஞ்சின்களும் செய்தது. பனி அள்ளும் மெஷின்களில் அதன் எஞ்சின்தான் எங்கும். 2008 டிசம்பரில் எஞ்சின் தொழிலை மூடினார்கள். எத்தனையோ எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, செய்தவர் இல்லை. ஸ்பேர் உரிமையை அடுத்த வருஷம் இன்னொரு நிறுவனம் வாங்கி, அதிகம் விற்பதைத் தொடர்ந்து செய்தது. அதிகம் விற்காத கவர்னர் கம்பி, மூடித் தகடு போன்றவை கையிருப்பு தீர்ந்ததோடு போயின.

டெக்கும்சேயின் எண் முறையும் அழகானது. முதலில் வரும் எழுத்துகள் எஞ்சின் படுக்கையா நேர்நிலையா, உடம்பு எவ்வளவு பெரிசு என்று சொல்லும். தேதி நான்கு இலக்கம்: முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், மிச்சம் மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. 7042 என்றால் ஏழில் முடிகிற வருஷத்தின் 42ஆம் நாள், பிப்ரவரி 11. 1987ஆ 1997ஆ என்பதை மற்ற அடையாளங்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எண் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். அந்த எண்ணுக்கு எந்த ஸ்பேர் என்று சொல்லும் அட்டவணை வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பழைய டீலர்கள் வைத்திருந்த புத்தகங்களும், அவற்றைப் பத்திரப்படுத்திப் பிறருக்குக் கொடுத்தவர்களுமே அந்த எஞ்சின்களை இன்றுவரை ஓட வைத்திருக்கிறார்கள்.

டெக்கும்சே கதையை நான் இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சந்தையில் பவர் வீடரும் பிரஷ் கட்டரும் விற்கும் பெயர்களில் எத்தனை, ஐந்து வருஷம் கழித்து இருக்கும்? கண்டெய்னரில் இறக்கி, தன் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு சீசன் விற்றுவிட்டு அடுத்த பொருளுக்குப் போகிற இறக்குமதியாளரிடம் ஸ்பேர் பட்டியல் கேட்டால் அவரிடமே இருக்காது. ஆனாலும் அந்த மெஷின்களைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. அதைத் திறந்துவிட்டது ஹோண்டா.

168எஃப் என்றால்

ஹோண்டா 1983இல் ஜிஎக்ஸ் வரிசை எஞ்சின்களைக் கொண்டுவந்தது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த பழைய அமைப்பை விட்டு, தலைக்கு மேல் வால்வு வைத்து, குறைந்த பெட்ரோலில் நெடுநாள் உழைக்கிற எஞ்சின். அதில் ஜிஎக்ஸ்160 உலகம் முழுக்கக் கட்டட வேலைக்கும் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னால் சீனத் தொழிற்சாலைகள் அதே அளவில், அதே திருகு இடைவெளியில் நகல் செய்தன. இன்று நம் கிராமத்துப் பம்பிலும் வீடரிலும் இருப்பது பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

அதன் எண் வெகு சுலபம். 168எஃப்: முதல் 1 ஒரு சிலிண்டர், 68 என்பது சிலிண்டர் வாய் 68 மில்லிமீட்டர், எஃப் என்றால் காற்றால் குளிரும் எஞ்சின். ஜிஎக்ஸ்160க்கும் வாய் 68 மில்லிமீட்டர்தான், பிஸ்டன் ஓட்டம் 45, 163 சிசி. 168எஃப்-1 என்றால் வாய் அதேதான், ஓட்டம் 54, ஜிஎக்ஸ்200க்கு ஜோடி. 170எஃப் என்றால் வாய் 70. 188எஃப் என்றால் 88, ஜிஎக்ஸ்390 குடும்பம். வெளியே பார்க்க 168உம் 170உம் ஒரே மாதிரி இருக்கும், கார்ப்பரேட்டரும் காயிலும் பல சமயம் மாறி மாறிப் பொருந்தும். பிஸ்டன் ரிங் மட்டும் பொருந்தாது. ‘ஏழு எச்பி வீடருக்கு ரிங் செட்’ என்று கேட்டு வாங்கி வந்தால் இரண்டு மில்லிமீட்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரிலும் இதே கணக்கு. 1இ40எஃப் என்றால் ஒரு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், வாய் 40 மில்லிமீட்டர், சுமார் 43 சிசி. 1இ44எஃப் என்றால் 52 சிசி. நடுவில் இ இல்லாமல் 139எஃப் என்று இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், ஹோண்டா ஜிஎக்ஸ்35இன் குடும்பம். அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கவே கூடாது, ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் எத்தனை எஞ்சின்கள் பிடித்துப்போகின்றன! 1இ வகைக்கு ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரைச் சுரண்டிவிடும். கலவையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. கையேட்டில் ஒரே ஒரு வரி. அந்த வரி தமிழில் டேங்க் மூடிமேல் இருந்தால் போதும்.

ஹோண்டாவின் ஸ்பேர் எண்ணும் படிக்கத் தெரிந்தவனுக்குப் பேசும். மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் என்ன சாமான் என்று சொல்லும்: 16100 கார்ப்பரேட்டர், 13101 பிஸ்டன், 30500 காயில், 12251 ஹெட் கேஸ்கெட். நடுவில் உள்ள மூன்று எந்த எஞ்சினுக்கு என்பது. கடைசி, எத்தனையாவது திருத்தம் என்பது. இதே முறைதான் ஹோண்டா பைக்குக்கும். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பிக்கு 13101 என்றால் பிஸ்டன் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஊரில் பம்ப் மெக்கானிக் இல்லாவிட்டாலும் அவர் உதவுவார்.

எண்ணே அழிந்துபோன எஞ்சினுக்கும் வழி இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் சில சாமான்களுக்கு எந்தக் கம்பெனியும் சொந்தம் கொண்டாட முடியாது. ஜிஎக்ஸ்160இன் கிராங்க் சுற்றுவது 6205 பேரிங்கில். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். எந்த ஊர் பேரிங் கடையிலும் அந்த நான்கு இலக்கம் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயில் சீலின் விளிம்பில் அதன் மூன்று அளவும் அச்சாகியிருக்கும். பிளக்குக்கு அதன் எண்: என்ஜிகே பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7இலிருந்து 0.8 மில்லிமீட்டர். டூ ஸ்ட்ரோக் மெஷின்களில் வால்ப்ரோ கார்ப்பரேட்டர் இருந்தால் அதன் உடம்பில் கார்ப்பரேட்டருக்கான தனி எண் குத்தியிருக்கும். மெஷின் எந்தக் கம்பெனி என்பது தெரியாமலே அந்த எண்ணுக்கு டயஃப்ரம் கிட் வாங்கலாம். பொது அளவில் செய்த சாமானுக்குச் சாவே இல்லை. ஒரு கம்பெனி தனக்கு மட்டும் என்று செய்த சாமான் அந்தக் கம்பெனியோடு போய்விடும். புது மெஷின் வாங்கும்போது விலைக்கு அடுத்தபடி இதைத்தான் பார்க்கச் சொல்வேன்: எஞ்சின் தெரிந்த குடும்பத்து எண்ணா, இல்லை யாரும் கேள்விப்படாத எண்ணா.

நகலில் குறையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அளவு பொருந்துவதால் தரம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மலிவான ரிங் சீக்கிரம் தேய்கிறது, மலிவான காயில் சூடேறியதும் கரண்ட் கொடுக்க மறுக்கிறது. கார்ப்பரேட்டருக்கு லோக்கல் போடலாம். பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட் மூன்றுக்கும் நல்ல சாமான்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. இந்த எஞ்சினின் ராட் அலுமினியம், நடுவில் பேரிங் கிண்ணம் இல்லாமல் நேராகக் கிராங்க் மேல் ஓடுகிறது. அதன் போல்ட்டை 12 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கை பலத்தில் முறுக்கி உடைத்தால் ராட் கிராங்க்கேஸைத் துளைத்து வெளியே வரும்.

கார்ப்பரேட்டர் வாங்கும் முன்

ஸ்பேரே தேவைப்படாத பழுதுகள் எத்தனை! சீசன் முடிந்து பெட்ரோலோடு நிறுத்தி வைத்த மெஷின் நான்கு மாதம் கழித்து ஸ்டார்ட் ஆகாது. கார்ப்பரேட்டர் போச்சு என்பார்கள். அது போகவில்லை, அடைத்துக்கொண்டிருக்கிறது.

168எஃப் வகையில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் 10 நம்பர் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். அடியில் மஞ்சள் பசை, சில சமயம் வெள்ளைப் பொடி, ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே தொங்கும் ஃப்ளோட்டுக்கு நடுவில் ஒரு தூண் இருக்கும். அதற்குள் ஸ்குரூ டிரைவர் நுனி விட்டுத் திருகினால் பித்தளை மெயின் ஜெட் வெளியே வரும். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நல்ல ஜெட்டில் வட்டமாக ஒளி தெரியும், அடைத்த ஜெட்டில் இருட்டு. ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குடையக் கூடாது, பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெரிசாகி எஞ்சின் காலமெல்லாம் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். மின் ஒயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி விட்டால் போதும். இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே, ஐட்லிங் ஸ்குரூவுக்கு அடியில், பிளாஸ்டிக் தலையோடு இன்னொரு சின்ன ஜெட் ஒளிந்திருக்கிறது. அதன் ஓட்டை இன்னும் மெல்லியது. அது அடைத்திருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடும். அந்த இரண்டாவது ஜெட் இருப்பதைச் சொல்வது கையேட்டில் ஒரு படம். அந்தப் படம் இல்லாததால் புதுக் கார்ப்பரேட்டர் வாங்குகிறார்கள்.

அமெரிக்கப் புல்வெட்டியில் இதற்குச் சமமான ஒன்று ஃபிளைவீல் கீ. பிளேடு கல்லில் அடித்தால் கிராங்க் முறிந்துவிடாமல் இருக்க, ஃபிளைவீலுக்கும் கிராங்குக்கும் நடுவில் மெத்தென்ற உலோகத்தில் சின்னக் கட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அது பாதி நசுங்கினாலே ஃபிளைவீல் துளி நகர்ந்து, காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் தப்பி, பிளக் தப்பான நேரத்தில் அடிக்கும். பெட்ரோல் வருகிறது, கரண்ட் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, எஞ்சின் மட்டும் ஓடாது. காயிலையும் கார்ப்பரேட்டரையும் மாற்றிவிட்டுத் தலையைச் சொறிவார்கள். இத்தனைக்கும் அந்தக் கட்டைதான் மெஷினிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. திரும்பப் பூட்டும்போது காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் பிரிக்ஸ் கேட்கும் இடைவெளி, பல மாடல்களில் கால் மில்லிமீட்டர் அளவு. ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி ஸ்குரூவை இறுக்கிவிட்டு உருவிக்கொள்வார்கள்.

பெட்ரோல் விஷயத்தில் நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிரிக்ஸும் ஹோண்டாவும் தங்கள் கையேடுகளில் எத்தனால் 10 சதவீதம் வரை உள்ள பெட்ரோலைத்தான் அனுமதித்து வந்திருக்கின்றன. அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலைப் புல்வெட்டியில் ஊற்றுவது சட்டப்படி தடை. பங்க்கிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். நம் பங்க்குகளில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் பெட்ரோலில் இருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் கெடுக்கும். தினம் ஓடுகிற பைக்கில் தங்க நேரமில்லை. வருஷத்தில் சில வாரம் ஓடி மிச்ச நாள் மூலையில் நிற்கும் வீடருக்குத்தான் ஆபத்து. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, குழாயை மூடி, கார்ப்பரேட்டரில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட விட வேண்டும். இதைச் சொல்லித்தர ஐந்து நிமிஷம் ஆகும். மெஷின் விற்கிற அன்று சொல்லியிருக்க வேண்டும்.

புத்தகம் யாருக்குச் சொந்தம்

கையேடும் ஸ்பேரும் யாருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பெரிய அரசியல் ஆகிவிட்டது. 1975இல் வந்த மாக்னுசன்–மாஸ் சட்டப்படி, எங்கள் ஸ்பேர்தான் போட வேண்டும், எங்கள் கடையில்தான் பழுது பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டி கிடையாது என்று கம்பெனி சொல்ல முடியாது. 2021இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. பழுது பார்ப்பதைத் தடுக்கக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது அது. விவசாயக் கருவிகளுக்குக் கையேடும் ஸ்பேரும் மென்பொருளும் உடைமைக்காரருக்குக் கிடைக்க வேண்டும் என்று கொலராடோ மாநிலம் சட்டம் போட்டது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே ஆணையம் ஜான் டியர் மீது, டிராக்டர் பழுதுபார்ப்பை டீலர்களிடம் பூட்டி வைத்திருப்பதாக வழக்கே போட்டது. கலிஃபோர்னியா 2024 மாடல் முதல் புதுப் புல்வெட்டிகளில் பெட்ரோல் எஞ்சினையே விடுவதில்லை. பழையதை ஓட்டத் தடையில்லை. அதனால் அங்கே பழைய எஞ்சினுக்கான ஸ்பேரும் புத்தகமும் இனி இன்னும் அருமையாகும்.

இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவியும் ஒன்று. அதே வருஷம் டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணைய வாசலும் திறந்தார்கள். நல்ல தொடக்கம். ஆனால் கம்பெனியாக விரும்பித் தருவதை நம்பித்தான் அது நிற்கிறது; பெரிய பெயர்கள் தருவார்கள், கண்டெய்னர் வியாபாரி தரமாட்டார். நம் வயலில் ஓடுவது அந்தக் கண்டெய்னரில் வந்ததுதான்.

தமிழ்நாட்டில் இதற்குப் பிடி ஒன்று இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை பவர் வீடருக்கும் பவர் டில்லருக்கும் மானியம் தருகிறது. மானியத்துக்கு உரிய மாடல்களின் பட்டியலில் இடம் கிடைத்தால்தான் ஒரு மாடல் இங்கே நன்றாக விற்கும். அதனால் கம்பெனிகள் தேடி வருகின்றன. மானியம் மக்கள் பணம். அந்தப் பணத்தில் வாங்கும் எஞ்சினின் மாடல் எண் அழியாதபடி உலோகத்தில் குத்தியிருக்க வேண்டும். பிரித்து வரைந்த ஸ்பேர் படமும், ஸ்பேர் எண் அட்டவணையும், வால்வு இடைவெளி, பிளக் இடைவெளி, ஆயில் அளவு, போல்ட் முறுக்கு அளவு அடங்கிய ஒரு தாளும் தமிழில் மெஷினோடு வர வேண்டும். அதன் பிரதி ஒன்று துறையிடம் இருக்க வேண்டும், கம்பெனி நாளைக்கு மூடினாலும் ஒன்றிய அலுவலகத்தில் போய்ப் பிரதி எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். இத்தனை வருஷத்துக்கு ஸ்பேர் தருவேன் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். தராவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை நீக்க வேண்டும். இதற்குச் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. மானியப் பட்டியலில் சேர விண்ணப்பிக்கும் கம்பெனிகளுக்கான நிபந்தனைகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.